பழுப்பு வளையம்

இராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கிழக்கே பார்த்த மூன்று ஜன்னல்கள் இருந்தன. காலையில் எழுந்ததும் அம்மா முதலில் அவற்றைத்தான் திறப்பாள். துறைமுகத்துக் கரிப்புகை வந்து வெள்ளைத் துணிமேல் படிகிறதே என்று திட்டிக்கொண்டேதான் திறப்பாள். ஆனாலும் மூடி வைக்க மாட்டாள். அவளுக்கு வெளிச்சம் வேண்டும். அம்மா தையல் சொல்லிக்கொடுப்பவள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சாப்பாட்டு வேலை முடிந்ததும் செங்குத்தான அந்த மரப்படியில் ஏறி வருவார்கள். மிஷின் தையல், ரவிக்கை வெட்டுவது, தலையணை உறையில் பூவேலை என்று மாலை வரை மாடி கலகலப்பாக இருக்கும். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அம்மாவுக்கு உதவியாக இருந்தேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும்.

அப்பாவுக்குத் துறைமுக வாசல் பக்கம் சின்னக் கடை. கயிறு, தார், படகு ஆணி விற்பார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பட்டணத்துக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் பேச்சு மட்டும் மாறவில்லை.

வீட்டின் கீழ்ப்பகுதியில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு ஒரு வாலிபர் இருந்தார். பின்னாளில் அவர்தான் என் கணவர். பெற்றோர் இல்லை, திருவொற்றியூரில் சித்தி வீட்டில் வளர்ந்தவர். இன்டர்மீடியட் படித்துவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய ஒரு மரக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். ரயில் தண்டவாளத்துக்குப் போடும் கட்டை, படகுப் பலகை இவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. எங்களைப் போல அவரும் வேதக்காரர், கிறிஸ்தவர்தான், ஆனால் வேறு சபை. நான் படியில் இறங்கினால் அவர் கதவோரம் ஒதுங்கி நிற்பார். எங்களுக்குள் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த வருஷத்து ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. மாடிக் கூரையைத் தாங்கிய தேக்கு உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் கசிந்தது. மழை விட்ட பிறகு பார்த்தால், அந்த இடத்தில் கறுப்பும் பழுப்புமாக வெல்வெட்டுத் துணி ஒட்டியதுபோல ஏதோ படர்ந்திருந்தது. அம்மாவுக்குப் பயம். கீழேயிருந்த அவரைக் கூப்பிட்டு, "தம்பி, நீ மரத்து வேலதான பாக்கே, இது என்னன்னு கொஞ்சம் பாரு" என்றாள்.

அவர் நாற்காலிமேல் ஏறி உற்றுப் பார்த்தார். முகர்ந்தார். பேனாக்கத்தியால் மேலாக ஒரு சீவல் எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். இறங்கும்போது என் பக்கம் ஒருமுறை பார்த்தார். எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்கிற ஆசை அந்த முகத்தில் இருந்தது. பிறகு நடந்ததெல்லாம் அந்த ஆசையிலிருந்துதான் ஆரம்பித்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு சரியாக இருப்பதில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மாலை, மூடி போட்ட தட்டையான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். அப்பாவும் அம்மாவும் படியோரம் நின்றார்கள். பக்கத்து வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரரும் என்னவோ என்று எட்டிப் பார்க்க வந்துவிட்டார். கிண்ணத்தில் கடற்பாசிக் கூழ் உறைந்திருந்தது. நடுவில் எங்கள் உத்தரத்துச் சீவல், அதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு வளர்ச்சி, அதையும் சுற்றி, காப்பி சிந்திக் காய்ந்ததுபோல ஒரு பழுப்பு வளையம்.

"இந்தக் கூழுல துவர்ப்பு கலந்து கீது," என்றார் அவர். "கடுக்காய்ல இருக்குமே, அந்தத் துவர்ப்பு. மரம் தன்னக் காப்பாத்திக்க வச்சுகினு இருக்கற சரக்கு அது. பூச்சி, காளான் எதுவும் வாய் வைக்கக் கூடாதுன்னு. ஆனா சில காளான் ஒரு என்சைம விடும். காத்துல இருக்கற பிராணவாயுவ வச்சே அது அந்தத் துவர்ப்ப மாத்திப்புடும். மாறினா இப்படிப் பழுப்பு தட்டும்."

"மாத்துனா என்ன தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"துவர்ப்ப மாத்தற என்சைம் மரத்தோட கெட்டியயும் கரைக்கும் சார். நாரு நாரா நிக்கறத ஒட்டிவச்சிருக்கற சத்து கீதே, அத. அது போச்சுன்னா மரம் வெளுத்துப் பஞ்சாட்டம் ஆயிடும். வெள்ளை அழுகல்னு சொல்லுவோம். சுவத்துக்குள்ள எவ்ளோ தூரம் போயிருக்குதோ தெரியல. அடுத்த மழைக்கு முன்னாடி கட்டைய மாத்திட்டா நல்லது."

என்சைம் என்ற அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அன்றுதான். இப்போது புத்தகங்களில் நொதி என்று எழுதுகிறார்கள்.

வீட்டுக்காரருக்கு எங்கள் மாடிமேல் வெகுநாளாகக் கண். கப்பல் ஏஜெண்டு ஒருவர் அலுவலகம் வைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களை எழுப்ப வழியில்லாமல் இருந்தது. இப்போது வீட்டுக்காரர் உத்தரத்தைப் பார்க்கக்கூட மாடிக்கு ஏறவில்லை.

"இன்னா சார், கேட்டுகினீங்களா? படிச்ச புள்ள சொல்லுது. நாளைக்குக் கட்டை வுயுந்து பொம்பளப் புள்ளைங்க தலைல பட்டா யாரு ஜவாப்பு சொல்றது? காலி பண்ணிக் குடுங்க. ரிப்பேரு முடிச்சுட்டுப் பாக்கலாம்."

அப்பா கிண்ணத்தோடு நின்ற இவரைப் பார்த்தார். "நெசமாவே விழுந்துருமா தம்பி?"

இவர் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிண்ணத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இருக்கறது ஆபத்துதான் சார்," என்றார்.

வேறு வீடு அவசரத்தில் கிடைத்தது தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கம், ஓடு போட்ட வரிசை வீட்டில். முன்னால் ஒரு சந்து, பின்னால் எண்ணெய்க் கிடங்கின் மதில். சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல், அதற்கு எதிரே இன்னொரு வரிசை வீடுகளின் சுவர். நண்பகலிலும் அரிக்கேன் விளக்கு ஏற்றினால்தான் ஊசிக்காது தெரியும். இராயபுரத்துப் பெண்கள் முதல் வாரம் வந்தார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலை லாரிகளைத் தாண்டி வயசுப் பெண்களை யார் தினமும் அனுப்புவார்கள்? ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். அம்மா சும்மா இருக்க மாட்டாமல், கிடங்குக் காவலாளிகளின் கறுப்பு உடுப்புக்குப் பொத்தான் துளை போடும் வேலையை எடுத்துக்கொண்டாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். விளக்கைத் துணிக்கு அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, மூக்குத் துணியில் படுகிற மாதிரி குனிந்து தைப்பாள். அவள் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிண்ணத்தின்மீது கோபம் வரும். கிண்ணத்தைக் கொண்டுவந்தவர்மீது வருவதற்கு முன்னால் கிண்ணத்தின்மீதுதான் வந்தது.

தை பிறந்து சில நாள் இருக்கும். ஒரு மத்தியானம் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க மரத்தூள். கையில் செங்கல் அளவுக்கு ஒரு மரத்துண்டு. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசற்படியில் குந்தி, அந்தத் துண்டைத் தரையில் வைத்தார்.

"இன்னிக்கு உங்க மாடிக் கட்டைய எறக்கி அறுத்தாங்க மா. நான் கூடவே நின்னேன். அழுகல் இல்ல. சுவத்துக்குள்ள இருந்த மொனை வரைக்கும் நல்லா கீது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அம்மா துண்டை எடுத்து முகர்ந்தாள். தேக்கு வாசனை எனக்கும் வந்தது. அறுபட்ட முகம் பொன் நிறத்தில், ஒரு பொட்டுக் கறைகூட இல்லாமல் இருந்தது.

"அப்ப அந்த வளையம்?" என்று நான்தான் கேட்டேன். அவரிடம் நேராக நான் பேசிய முதல் வார்த்தை அது.

"வளையம் நெசம்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "அந்த என்சைம் அந்தப் பூஞ்சைகிட்ட இருந்தது. ஆனா அது மரத்தத் தின்னல. மேல இருந்த விளக்குப் புகை, வர்ணத்து எண்ணெய், ஈரத்துல ஊறின அழுக்கு, இதத்தான் தின்னுகினு இருந்தது. எங்க கூடத்துப் பெரியவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். மேலோட்டமா வளர்ற பூஞ்சைல கூட சிலது இந்த வளையத்தக் காட்டும்டா, கட்டைய ஊசி விட்டுக் குத்திப் பாத்தியான்னாரு. நான் குத்திப் பாக்கல மா. உங்க கட்டைல ஓட்ட போடக் கூடாதுன்னு நெனச்சேன்."

அப்பா கடையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் இவரையும் கூட்டிக்கொண்டு இராயபுரத்துக்குப் போனார். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். கப்பல் ஏஜெண்டின் மேஜை நாற்காலி அதற்குள் வாசலில் வந்து இறங்கியாகிவிட்டது. இவர் வீட்டுக்காரரிடம், "நான் சொன்னது தப்பு, அவங்களத் திரும்பக் கூப்புடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். "அன்னிக்கு அழுகல்னு சொன்ன, இன்னிக்கு நல்லா கீதுன்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ? போ நைனா, பேஜார் பண்ணாத" என்றுவிட்டாராம் வீட்டுக்காரர். அந்த வாரமே இவர் தம் அறையைக் காலி செய்துவிட்டுத் திருவொற்றியூர் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். எங்களை வெளியேற்றிய வீட்டில் தான் மட்டும் இருப்பது அவருக்கு ஆகவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோவிலுக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். உட்கார மாட்டார். விளக்குத் திரியைக் கத்தரிப்பார், மிஷினுக்கு எண்ணெய் விடுவார், கதவுக் கீலைச் சரிசெய்வார். ஒரு ஞாயிறு கக்கத்தில் கண்ணாடி ஓடு ஒன்றை இடுக்கிக்கொண்டு வந்தார். யாரையும் கேட்காமல் கூரைமேல் ஏறி, ஒரு மண் ஓட்டைக் கழற்றிவிட்டு அதைச் செருகினார். இருட்டு அறைக்குள் சதுரமாக ஒரு வெயில் விழுந்தது. அம்மா கைதட்டிச் சிரித்துவிட்டாள். வெயில் நகர நகர அவளும் மிஷினை இழுத்துக்கொண்டே போவாள். உச்சி சாய்ந்ததும் அது சுவரில் ஏறிப் போய்விடும். அதுவரைக்கும் தைக்கலாம். அவர் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. இவ்வளவுதான் திருப்பிக் கொடுக்க முடிந்தது என்கிற முகம்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எப்போது போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் சந்து முனையைப் பார்க்கிறேன் என்பதை ஒருநாள் கவனித்தேன்.

மறுவருஷம் அவர் என்னைப் பெண் கேட்டார். தம் சித்தியையும் அழைத்துவந்து முறையாகக் கேட்டார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"ஏ தம்பி, ஒண்ணு கேக்கேன், ஒளிக்காமச் சொல்லு. எங்களுக்குச் செஞ்சதுக்குப் பரிகாரமாவா எம்மவளக் கேக்கே? அப்படின்னா வேண்டாம். அவ என்ன, தண்டம் கட்டுத ரசீதா?"

சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாங்க இப்டிப் பேசறீங்க" என்று எழுந்தே விட்டார். இவர் அவரைக் கையமர்த்தினார்.

"தெரியல சார்," என்றார். "கீழ் அறைல இருந்தப்பவே எனக்கு அவங்களப் புடிக்கும். அதுக்கப்புறம் அந்தத் தப்பு வந்து கலந்துகிச்சு. இது எவ்ளோ, அது எவ்ளோன்னு பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியல."

அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் சம்மதம் என்றேன். "தெரியல" என்ற அந்தப் பதிலுக்காகத்தான் சம்மதித்தேன் என்று என் பெண்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. நம்மிடம் குற்றம் செய்துவிட்டதாக நினைக்கும் மனிதரோடு வாழ்வது பத்திரம் என்றும் எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. இருபத்திரண்டு வயதில் அப்படியெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அப்பாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அவர் வற்புறுத்தி, திருவொற்றியூரில் தெருவைப் பார்த்த வெளிச்சமான வீடாகத் தேடினார். அந்தப் பூஞ்சையை அவர் விடவே இல்லை. சோதனைக்கூடத்தில் கிடைத்த பத்திரிகைகளையெல்லாம் வாங்கிவந்து படிப்பார். ஞாயிறு மாலை காசிமேட்டுப் பக்கம் நடக்கும்போது, கரையில் ஏற்றிப்போட்ட பழைய மாமரப் படகுகளைத் தட்டிக் காட்டுவார். உப்புத் தண்ணீர் படுகிற பக்கம் கெடுவதில்லை, மழைத் தண்ணீர் தேங்குகிற மூலைதான் கெடுகிறது என்பார். அந்த மூலையில் விசிறி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் காளானை உடைத்துக் காட்டுவார்.

"பாரேன், இதுக்கு அந்த என்சைம் மரத்தக் கரைக்க உதவுது. மரம் வச்சிருக்கற துவர்ப்பு விஷத்தோட பல்லப் புடுங்கவும் அதேதான். இந்தக் காளான் தன் குடைய வெறப்பா நிறுத்திக்கறதுக்கும் அதுதான் ஒத்தாசன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. உங்க மாடில இருந்ததுக்கு வேற வேல. வெயிலும் உப்பும் தாங்கணும்ல? அதுக்குக் கறுப்புச் சாயம் வேணும். அந்தச் சாயத்தக் காச்சிக்கத்தான் வச்சிருந்திருக்கும்னு நான் நெனைக்கறேன். ஒரே ஆயுதம், ஒவ்வொருத்தன் கைல ஒவ்வொரு வேல. நான் ஆயுதத்தப் பாத்துட்டுக் கொலகாரன்னு எழுதிட்டேன்."

"போதும், விடுங்க" என்பேன். அவர் விடமாட்டார்.

பெரியவள் பிறந்த வருஷம் அம்மாவுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. முதலில் பக்கவாட்டில் வருபவர்கள் தெரியவில்லை, நேரே இருப்பது மட்டும் தெரிந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றாள். மறுநாளிலிருந்து அவர், வேலைக்குப் புறப்படும் முன் அம்மாவின் ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து, நிறம்வாரியாக ஒரு துணியில் குத்தி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அம்மா தடவிப் பார்த்து எடுத்துக்கொள்வாள். ஆண்பிள்ளை ஊசிக்கு நூல் கோக்கிறானே என்று அப்பாவுக்குக் கூச்சம். அம்மாவுக்குக் கூச்சமே இல்லை. "சேப்பு நூலு நீளம் பத்தல தம்பி" என்று குறைகூடச் சொல்வாள்.

கண் ஆஸ்பத்திரிக்கு முதல்முறை நானும் அம்மாவும் மட்டும் போனோம். டாக்டரம்மா வெகுநேரம் சோதித்துவிட்டு, கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறும் வியாதி, குடும்பத்தில் வருவது, உங்கள் அம்மா வழியில் யாருக்காவது பார்வை போயிற்றா என்று கேட்டார். "எங்க ஆத்தாளுக்கும் நாப்பது தாண்டிப் போச்சு, பெரியம்மாவுக்கும் போச்சு" என்றாள் அம்மா, ஊரில் மழை பெய்ததைச் சொல்வதுபோல. இருட்டில் தைத்ததால் வந்ததா என்று நான் கேட்டேன். இல்லவே இல்லை என்றார் டாக்டரம்மா. விளக்கில் தைத்தால் கண் வலிக்கும், இந்த வியாதி வராது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்காகச் சொல்ற," என்றார். நான் பிள்ளைமேல் சத்தியம் செய்தேன். அப்போதும் நம்பவில்லை.

அடுத்த முறை வலுக்கட்டாயமாக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அதே வார்த்தைகளை அவரிடமும் சொன்னார். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார், சோதனைக்கூடத்தில் கேட்பதுபோல. வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா உள்ளே சொட்டு மருந்துக்காகக் காத்திருந்தாள். இப்போதாவது முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே எனக்கு ஒரு பயமும் வந்தது. இந்தப் பாரம் இறங்கிவிட்டால் அவருக்கு எங்களிடம் என்ன மிச்சம் இருக்கும்? நாளைக் காலை ஊசிக்கு நூல் கோப்பாரா? அப்படி நினைத்ததற்கு எனக்கே அவமானமாக இருந்தது. அவர் நிம்மதியாக இருக்கக் கூடாது என்றா இத்தனை நாள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்?

"கண்ணு என்னால போகல," என்றார் கடைசியில்.

"அதத்தான் நானும் அன்னைக்கே சொன்னேன்."

"சரி. ஆனா யோசிச்சுப் பாரு. பார்வை எப்படியும் போறதாத்தான் இருந்துச்சு. அப்ப அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வருஷம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துல அந்த மூணு ஜன்னல் வெளிச்சத்த நான் புடுங்கிட்டேன். கறுப்புத் துணியப் பாக்க வச்சேன்."

டாக்டரம்மா சொன்னதை வைத்து அவர் இன்னும் ஆழமாக ஒரு குழி தோண்டிக்கொண்டதுபோல இருந்தது. அதே சமயம் அவர் சொன்னது பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா கண்ணில் பஞ்சை ஒற்றிக்கொண்டு, சுவரைத் தடவியபடி வந்தாள். அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். நாங்கள் பேசியதில் பாதி அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தம்பி, இன்னும் அந்தக் கட்டையவா சுமந்துகிட்டு அலையுதே?" என்றாள். "நான் மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். அந்த வீடு நல்ல வீடு. போனதுல எனக்கு வருத்தம் உண்டு. நீ செஞ்சதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் உன் கையப் புடிச்சுகிட்டு நடக்கேன். இப்ப எனக்குப் பசிக்கி. பஸ்ஸு எங்ஙன நிக்கும்?"

அவர் அவளைப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போனார். பஸ்ஸில் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின் இருக்கையில் இருந்தேன். வண்ணாரப்பேட்டை தாண்டும்போது அம்மா கூட்டத்தைப் பற்றி என்னவோ கேட்க, அவர் குனிந்து பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பிடரியையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். முதலில் அம்மாவுக்கு மீன் முள்ளை எடுத்து வைத்தார், பிறகு தானும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். அவர் தனக்கென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான்.